மெஷின் ஓடுகிறது, சரி. கசிவை அளந்தீர்களா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். அரசு ஆஸ்பத்திரிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ யாராவது ஒரு மெஷின் நன்கொடை கொடுத்தால் உங்கள் மாவட்டப் பக்கத்தில் படத்தோடு செய்தி வருகிறது. ஈசிஜி மெஷின், பேஷண்ட் மானிட்டர், ஆக்சிஜன் கான்சென்ட்ரேட்டர் என்று ஏதாவது ஒன்று நடுவில் இருக்கும், சுற்றிலும் பொன்னாடையோடு பத்துப் பேர் நிற்பார்கள். கொடுப்பவர்களை நான் குறை சொல்லவில்லை, அவர்கள் கொடுக்காவிட்டால் பல இடங்களில் அந்த மெஷினே இருக்காது. ஆனால் அது சுவரில் சொருகப்பட்ட நாள் முதல் காயலான் கடைக்குப் போகிற நாள் வரை அதன் உடம்பில் எவ்வளவு கரண்ட் கசிகிறது என்று பெரும்பாலும் ஒருவரும் அளந்து பார்ப்பதில்லை. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் சின்ன ஆஸ்பத்திரிகளுக்கு மெஷின் சர்வீஸ் பார்க்கிறவன். என்னிடம் ஒரு எலக்ட்ரிகல் சேஃப்டி அனலைசர் இருக்கிறது. எலக்ட்ரீசியன் சட்டைப் பையில் செருகியிருக்கும் டெஸ்டர் இல்லை, ஒரு கையால் தூக்கிக்கொண்டு போகக்கூடிய பெட்டி. மெஷினின் பிளக்கை இந்தப் பெட்டியில் சொருக வேண்டும், பெட்டியின் பிளக்கைச் சுவரில் சொருக வேண்டும், ஒரு கிளிப்பை மெஷினின் இரும்புப் பாகத்தில் மாட்ட வேண்டும், நோயாளி உடம்பில் ஒட்டுகிற லீடுகளை முன்பக்கம் இருக்கும் முனைகளில் இணைக்க வேண்டும். அப்புறம் அதுவே எர்த், இன்சுலேஷன், கசிவு எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக அளந்து சொல்லும். ஒரு மெஷினுக்குப் பத்து நிமிடம் போதும். இன்சுலேஷன் சோதனையில் 500 வோல்ட் டிசி போகும் என்பதால் நோயாளியை மெஷினிலிருந்து முழுக்கக் கழற்றிவிட்டுத்தான் இதைச் செய்ய வேண்டும், அது ஒன்றுதான் கறாரான விதி.

"எங்க ஆஸ்பத்திரியில இ.எல்.சி.பி. போட்டிருக்கோம் சார், அது விழுந்துடும்" என்று பல டாக்டர்களே என்னிடம் சொல்கிறார்கள். கரண்ட் கசிந்தால் தானாகவே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச் அது, போட்டிருப்பது நல்லதுதான். ஆனால் வழக்கமாகப் போடுகிற இ.எல்.சி.பி. விழுவது 30 மில்லி ஆம்பியரில், அதாவது 30,000 மைக்ரோ ஆம்பியரில். அது நடமாடுகிற, தோல் காய்ந்த, ஷாக் அடித்தால் கையை இழுத்துக்கொள்ளக்கூடிய மனிதருக்கான கணக்கு. ஆஸ்பத்திரியில் படுத்திருப்பவர் மயக்கத்தில் இருக்கலாம், தோலில் ஜெல் தடவி எலக்ட்ரோடு ஒட்டியிருக்கலாம், இதயத்துக்குள்ளேயே ஒயர் போயிருக்கலாம். அப்படி இதயத்தோடு நேரடித் தொடர்புள்ள பாகங்களுக்கு, மருத்துவ மின்கருவிகளுக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 60601 (இந்தியாவில் ஐ.எஸ். 13450) சாதாரண நிலையில் அனுமதிக்கும் கசிவு 10 மைக்ரோ ஆம்பியர், ஒரு பழுது வந்த நிலையிலும் 50 தான். இதயத்தை நேரடியாகத் தொடாமல் உடம்போடு தொடர்புள்ள பி.எஃப். வகைப் பாகங்களுக்கு 100, பழுது நிலையில் 500. இப்போது கணக்குப் போட்டுப் பாருங்கள், 30 மில்லி ஆம்பியர் என்பது 10 மைக்ரோ ஆம்பியரின் 3,000 மடங்கு. இ.எல்.சி.பி. கண் விழிப்பதற்குள் காரியம் முடிந்துவிடும். நம் கைக்குச் சுர்ரென்று தெரியவே ஏறக்குறைய அரை மில்லி ஆம்பியராவது வேண்டும் என்பதால், தொட்டுப் பார்த்து "ஒண்ணும் இல்லையே" என்பதும் சோதனை ஆகாது.

திருவாரூர் பக்கம் ஒரு நர்சிங் ஹோமில் பார்த்ததைச் சொல்கிறேன். ஆபரேஷன் தியேட்டரில் ரத்தம், சளியை உறிஞ்சி எடுக்கும் ஒரு பழைய சக்‌ஷன் மெஷின், நன்றாக உறிஞ்சும், யாருக்கும் புகார் இல்லை. பிளக்கைப் பார்த்தால் மேலே இருக்க வேண்டிய தடித்த எர்த் பின் வெட்டப்பட்டிருந்தது, இரண்டு ஓட்டை மட்டும் இருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் நுழைப்பதற்காக யாரோ புண்ணியவான் செய்த வேலை. "இது எப்பயாவது லேசா ஷாக் அடிக்கும் சார், செருப்பு போட்டுக்கிட்டுத் தொட்டா ஒண்ணும் பண்ணாது" என்றார் அங்கே இருந்த ஆயாம்மா. பல மாதமாக அதுதான் அந்தத் தியேட்டரின் பாதுகாப்பு ஏற்பாடு! புது மூன்று கோர் ஒயர் போட்டதும் எர்த் தடை 0.14 ஓம் வந்தது. ஒயரோடு சேர்த்து 0.3 ஓமுக்குள் இருந்தால் போதும், ஆக அது பாஸ். ஆனால் எர்த்தைத் துண்டித்த நிலையில் கசிவை அளந்தால் 800 மைக்ரோ ஆம்பியரைத் தாண்டி நின்றது, இந்த வகை மெஷினுக்கு எல்லை 500. கழற்றிப் பார்த்தால் உறிஞ்சியது சேரும் ஜார் நிரம்பினால் அடைத்துக்கொள்ள வேண்டிய மிதவை வால்வு எப்போதோ ஒட்டிக்கொண்டு, ஜாரிலிருந்து வழிந்தது பம்புக்குள் போய் மோட்டார் சுருளின் மேல் காய்ந்து பொருக்காகப் படிந்திருந்தது. ஒயரை மட்டும் மாற்றிவிட்டு வந்திருந்தால் அந்த எர்த் ஒயரை நம்பித்தான் அத்தனை கசிவும் போய்க்கொண்டிருக்கும், அது மறுபடி அறுந்தால் கதை பழையபடிதான். மல்டிமீட்டரில் பீப் வருகிறது, எர்த் இருக்கிறது என்பார்கள். பல மல்டிமீட்டர்களில் பத்து இருபது ஓம் இருந்தாலும் பீப் அடிக்கும். ஒயருக்குள் ஒரே ஒரு இழை ஒட்டிக்கொண்டிருப்பதை அது காட்டிக்கொடுக்காது. அனலைசரை மாட்டிவிட்டு, பிளக் பக்கமும் மெஷின் பக்கமும் ஒயரை வளைத்து ஆட்டிப் பாருங்கள், எண் துள்ளினால் அந்த ஒயர் குப்பைக்கு.

இந்தப் பெட்டி ஏன் தூக்கிக்கொண்டு போகிற மாதிரி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். மெஷினைத் திருச்சிக்கோ சென்னைக்கோ அனுப்பிச் சோதித்து வாங்கினால் கம்பெனியின் சுத்தமான மேஜையில், ஒழுங்கான எர்த்தில் அது பாஸ் ஆகிவிடும். திரும்பி வந்து உட்காருவது எங்கே? ஐந்து மெஷின் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் தொங்குகிற கட்டில் ஓரத்தில். ஒவ்வொன்றின் கசிவும் தனித்தனியாக எல்லைக்குள் இருந்தாலும் ஐந்தும் சேர்ந்து அந்தப் பாக்ஸின் ஒற்றை எர்த் ஒயர் வழியாகத்தான் இறங்க வேண்டும். அது விட்டுப்போனால் மொத்தக் கசிவும் ஐந்து மெஷின்களின் இரும்பிலும் நிற்கும். பெட்டியைச் சுவரில் சொருகியதுமே அது முதலில் காட்டுவது சுவரின் லட்சணத்தைத்தான். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட் இருக்கலாம், நாற்பது ஐம்பது என்று காட்டினால் மெஷினை விட்டுவிட்டுக் கட்டடத்தைப் பார்க்க வேண்டும்.

நம் டெல்டாவில் கட்டடத்து எர்த்துக்கு ஒரு பருவ காலம் உண்டு. ஆற்றில் தண்ணீர் இல்லாத சித்திரை, வைகாசியில் களிமண் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கும்போது எர்த் குழியும் காய்ந்து தடை ஏறிவிடும். கரியும் உப்பும் போட்டுத் தோண்டியதோடு சரி, வாரத்துக்கு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று வாட்ச்மேனிடம் ஒருவரும் சொல்லியிருக்க மாட்டார்கள். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கதை வேறு, அங்கே மண்ணே உப்பு, தடை குறைவாகத்தான் வரும், ஆனால் எர்த் குழியில் இறக்கிய ஜி.ஐ. இரும்பு பைப்பும் அதில் இணைத்த கம்பியும் அரித்துப் போய் ஒருநாள் கையோடு வரும். ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை பிடித்தால் ஈரம் மெஷினுக்குள் போகிறது, இன்சுலேஷன் இறங்குகிறது. தை மாதம் அறுவடை முடிந்தால் வயலில் இருந்த எலி வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்கும் வருகிறது, ஒயரைக் கடிப்பதில் அதற்குப் பாகுபாடு கிடையாது. அதனால் வருஷத்துக்கு ஒருமுறை என்று ஏதோ ஒரு தேதியில் சோதிப்பதைவிட, சித்திரையில் ஒன்று, மழை ஓய்ந்து தையில் ஒன்று என்று வைத்துக்கொள்வதுதான் இந்த ஊருக்குப் பொருந்தும் என்பது என் கருத்து.

ஈரத்தைப் பற்றி இன்னொன்று. குழந்தைகளுக்கான வார்மர், ஸ்டெரிலைசர் மாதிரி ஹீட்டர் உள்ள மெஷின்களைச் சில மாதம் பூட்டி வைத்துவிட்டு மழைக்காலத்தில் ஆன் செய்தால் இ.எல்.சி.பி. டப்பென்று விழும். பைப் மாதிரி இருக்கும் அந்த எலிமென்டுக்குள் அடைத்திருக்கும் பொடி காற்றிலிருந்து ஈரத்தை இழுத்து வைத்திருக்கும், அதுதான் காரணம். முறையாக உலர்த்தி, மறுபடி அளந்து, எல்லைக்குள் வந்த பிறகு எடுத்துப் பயன்படுத்த வேண்டும். நடப்பது என்ன? "இ.எல்.சி.பி. வீக்கா இருக்கு" என்று சொல்லி எலக்ட்ரீசியன் அதைத் தாண்டி நேர் கனெக்‌ஷன் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். அதற்குப் பிறகு அந்த வார்டு முழுக்கவே காவல் இல்லை.

மெஷின் மேல் காலிபரேஷன் ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறதே என்று கேட்கலாம். மானிட்டர் 120 என்று காட்டினால் உண்மையிலேயே 120 தானா என்று பார்ப்பது காலிபரேஷன். அதே மானிட்டர் கசிகிறதா என்பதை அந்த ஸ்டிக்கர் சொல்லாது. இரண்டும் வேறு வேறு சோதனை, ரிப்போர்ட்டும் வேறு. தரச்சான்று ஆய்வுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் முதல் நாள் ராத்திரி எல்லா மெஷினிலும் ஸ்டிக்கர் முளைக்கிற கூத்தை இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் அறிவார்கள், அதை விடுங்கள்.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் கரை ஏறிய பிறகு வேதாரண்யம், திருத்துறைப்பூண்டி, பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கமெல்லாம் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. கல்யாணத்துக்கு வாடகைக்கு விடும் ஜெனரேட்டர் எல்லாம் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றது. அந்த நேரத்தில் அதுவே பெரிய உதவி. ஆனால் அப்படிப்பட்ட சின்ன ஜெனரேட்டர் பலவற்றில் நியூட்ரல் எர்த்தோடு இணைக்கப்பட்டிருக்காது, அந்த நிலையில் இ.எல்.சி.பி. சொன்னபடி வேலை செய்யும் என்று நம்ப முடியாது. அடுத்த புயல் வராமல் இருக்கப் போவதில்லை. மாற்று மின்சாரம் வந்த முதல் மணி நேரத்தில் யாராவது ஒருவர் பெட்டியை எடுத்துக்கொண்டு வார்டைச் சுற்றி வரும் ஏற்பாடு ஊருக்கு ஒன்று இருக்க வேண்டும்.

வீடுகளையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2021 கொரோனா இரண்டாம் அலையில் வாங்கிய கான்சென்ட்ரேட்டர்கள் எத்தனையோ வீட்டுப் பரண்களில் தூங்குகின்றன. பெரியவருக்கு மூச்சு வாங்குகிறது என்றால் பக்கத்து வீட்டிலிருந்து இரவல் வாங்கி அப்படியே மாட்டுகிறார்கள். இரவல் வாங்குவது தப்பில்லை, ஒயரைத் தடவிப் பார்த்து, பிளக் பின் கறுத்திருக்கிறதா, உறை வெடித்திருக்கிறதா என்றாவது பாருங்கள். சதுரத்துக்குள் சதுரம் போட்டிருந்தால் அது இரட்டை இன்சுலேஷன் மெஷின், அதற்கு எர்த் தேவையில்லை, அந்தக் குறி இல்லாத மூன்று பின் மெஷினை இரண்டு பின் பாக்ஸில் நுழைக்காதீர்கள். நான் பிடிக்கிற பழுதில் பாதிக்கு மேல் அனலைசர் பெட்டியைத் திறப்பதற்கு முன்பே கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

விலைதான் தடை என்பார்கள். ஒத்துக்கொள்கிறேன், இந்த அனலைசர் லட்சக்கணக்கில் விற்கிறது, பத்துப் படுக்கை வைத்திருக்கும் டாக்டர் தனியாக வாங்க மாட்டார், வாங்கவும் வேண்டாம். நம் ஊரில் எந்த விவசாயி சொந்தமாக அறுவடை மெஷின் வைத்திருக்கிறார்? மன்னார்குடியிலோ சீர்காழியிலோ இருக்கும் நர்சிங் ஹோம்கள் சேர்ந்து ஊருக்கு ஒன்று வாங்கலாம், டாக்டர்கள் சங்கக் கிளையே முன்கை எடுக்கலாம். பயோமெடிக்கல் டிப்ளமோ முடித்துவிட்டு வேலை தேடிச் சென்னைக்கு ஓடும் பையன்கள் இங்கேயே இருக்கிறார்கள், அவர்களிடம் ஒப்படைத்தால் இரண்டு பேருக்குப் பிழைப்பும் ஆச்சு. அரசு பக்கம் அரசு ஆஸ்பத்திரிகளுக்கு மருந்தும் கருவியும் வாங்கித் தரும், 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் இருக்கிறது, பயோமெடிக்கல் பொறியாளர்கள் இருக்கிறார்கள். தலைமை ஆஸ்பத்திரியோடு நின்றுவிடாமல் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கும் பெட்டி சுற்றி வர ஒரு வண்டியும் ஒரு அட்டவணையும்தான் தேவை.

சோதித்த தாளைத் தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்பதையும் சொல்லியாக வேண்டும். மெஷின்களை மறுபடி மறுபடி சோதிப்பதற்கென்றே இருக்கும் ஐ.இ.சி. 62353 தரம் முதல் அளவைப் பதிந்து வைத்துக்கொண்டு பின்னால் வருவதை அதோடு ஒப்பிடச் சொல்கிறது. முதல் தடவை 120, அடுத்தது 210, அதற்கடுத்தது 390 மைக்ரோ ஆம்பியர் என்று வந்தால், 500-க்குள் இருப்பதால் மூன்றும் பாஸ்தான், ஆனால் மூன்று தாளையும் சேர்த்து வைத்துப் பார்க்கிறவர் நாலாவது சோதனை வரை காத்திருக்க மாட்டார். மெஷினுக்கு ஒரு ஃபைல், அதில் தேதி போட்ட பிரிண்ட், சோதித்தவர் கையெழுத்து, அவ்வளவுதான்.

தனியார் ஆஸ்பத்திரிகள் தனியார் மருத்துவ நிறுவனங்களை ஒழுங்குபடுத்தும் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின் கீழும் 2018-இல் வந்த விதிகளின் கீழும் பதிவு செய்தாக வேண்டும், அதற்கு மாவட்ட மருத்துவ நலப்பணிகள் இணை இயக்குநர் அலுவலகம்தான் போக வேண்டும். பதிவைப் புதுப்பிக்க வரும்போது கேட்கிற காகிதங்களோடு இந்தக் கசிவுச் சோதனைத் தாளையும் டெல்டா மாவட்ட இணை இயக்குநர்கள் கேட்கத் தொடங்கினால், அடுத்த மாதமே எனக்கும் என் மாதிரி ஆட்களுக்கும் போன் வர ஆரம்பித்துவிடும். எனக்கு வியாபாரம் ஆகும் என்பதற்காகத்தான் எழுதுகிறான் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளட்டும், வேறு யாரையாவது கூப்பிட்டாவது அளக்கச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பயோமெடிக்கல் டெக்னீசியன்,
கும்பகோணம்.