ஆத்தங்குடிக்கு 30 பைட்

காரைக்குடி,
மார்கழி 10

அன்புள்ள மெய்யப்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. ஆத்தங்குடியில் மச்சானின் தரைக்கல் பட்டறைக்குப் பில் போடும் புரோகிராம் எழுத உட்கார்ந்ததில் பதில் தள்ளிப்போய்விட்டது. இதுவரை ஆண்டுச் சந்தாவுக்கு ஒன்றை வாங்கி ஓட்டினார். இந்த ஆண்டு சந்தாவை ஏற்றிவிட்டார்கள். “வட்டிக்கு விட்ட வம்சம், நாம் கணக்கு எழுத வாடகை கட்டுவதா?” என்று என்னைப் பிடித்துக்கொண்டார்.

லாசரஸ் என்ற புரோகிராம் எழுதும் கருவியை எடுத்தேன். நாம் கல்லூரியில் டர்போ பாஸ்கலில் விழித்த இரவுகள் நினைவிருக்கிறதா? அதே பாஸ்கல் மொழிதான். ஃப்ளோரியான் கிளெம்ப்ஃபல் 1993-இல் தொடங்கிய ஃப்ரீ பாஸ்கல் கம்பைலர் அடியில் இருக்கிறது, நாம் எழுதுவதைக் கணினிக்குப் புரியும்படி மாற்றித் தருவது அதுதான். அதன்மேல் படிவங்களை இழுத்துப் போட்டு வடிவமைக்க 1999-இல் பிறந்த லாசரஸ். இரண்டுக்கும் காலணா கிடையாது. நாம் எழுதும் புரோகிராமை விற்கலாம், மூலநிரலைக் காட்டவும் வேண்டாம். ஃப்ரீ பாஸ்கலின் எழுத்துத் திரையைத் திறந்தால் இன்றும் அதே நீல நிறம்! கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன்.

மச்சானின் மேசையில் விண்டோஸ். பட்டறை மூலையில் சிமெண்டுத் தூசி படிந்த பழைய கணினி ஒன்று. அதில் லினக்ஸ் போட்டு சர்வராக்கிவிட்டேன். சரக்குக் கணக்கு அதில் எஸ்க்யூலைட் என்ற தரவுத்தளக் கோப்பாக இருக்கிறது. கம்பைலரோடு வரும் எஃப்சிஎல்-வெப் என்ற வலைநிரல் தொகுப்பைக் கொண்டு எழுதிய சிறு சர்வர் அதை மச்சானின் கைப்பேசிக்குக் காட்டுகிறது. நிரலை விண்டோஸில்தான் எழுதினேன். லினக்ஸில் கம்பைல் செய்ததும் கோப்பே இல்லை என்றது. பெயரில் ஒரு ஆங்கில எழுத்தைப் பெரியதாக அடித்திருந்தேன். விண்டோஸ் கண்டுகொள்ளவில்லை, லினக்ஸ் விடவில்லை.

பெரிய கூத்து பில்லில் நடந்தது. ஊர்ப் பெயருக்கு 20 இடம் ஒதுக்கியிருந்தேன். அச்சில் ‘ஆத்தங்’ என்று வந்து பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. நம் கண்ணுக்கு ஆத்தங்குடி ஆறெழுத்து. கணினி எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடில் புள்ளி, உயிர்க்குறி எல்லாம் தனித்தனி, ஆகப் பத்துக் குறிகள். அவற்றைச் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் ஒவ்வொன்றும் 3 பைட், மொத்தம் 30. நான் ஒதுக்கிய இடமும் பைட் கணக்குதான், இருபதாவது பைட்டில் வெட்டினால் ‘கு’வின் ககரம் பாதியில் அறுபடுகிறது. பைட்டை எண்ணி வெட்டும் ‘காப்பி’ (Copy) கட்டளையை நீக்கி, குறியை எண்ணும் ‘யுடிஎஃப்-8 காப்பி’ கட்டளையைப் போட்டதும் ஊர் முழுதாக வந்தது. அதற்குள் மூன்று பில் வாடிக்கையாளர் கைக்குப் போய்விட்டது.

குறையும் உண்டு. பில்லின் வடிவமைப்புக்கு மட்டும் ஒரு வாரம் போயிற்று. விளக்கக் குறிப்புகள் மூலைக்கு மூலை சிதறிக் கிடக்கின்றன. கைப்பேசிச் செயலி எழுத வேண்டுமென்றால் இதைத் தொட மாட்டேன். பாஸ்கல் என்றதும் என் மகன் சிரிக்கிறான். சிரிக்கட்டும்.

செவ்வாய்ப் பொங்கலுக்கு நாட்டரசன்கோட்டைக்கு வருவாய்தானே? வரும்போது உன் பழைய பாஸ்கல் நோட்டை எடுத்து வா. நாள் வட்டிக்கு நாம் எழுதிய கணக்கு அதில்தான் இருக்கிறது. மச்சான் அடுத்து அதைத்தான் கேட்கிறார்.

அன்புடன்,
சொக்கலிங்கம்