பத்தாவது ஆளாக வந்தவர்களுக்கு

அப்பாவின் அப்பா, எங்கள் ஆஜோபா, இறந்து முப்பது நாள் முடிந்துவிட்டது. யூத ஆலயத்தாருக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் அப்பா மராத்தியில் நன்றி எழுதி அனுப்பிவிட்டார். அம்மா வழிச் சொந்தங்களுக்கு, மும்பை மாட்டுங்காவிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் தாணேக்கு ஓடி வந்தவர்களுக்கு, வர முடியாமல் போனில் அழுதவர்களுக்குத் தமிழில் எழுதும் வேலை என்னுடையது. யாருக்கு எதற்கு நன்றி என்று புரிய வேண்டுமானால் அவரைப் பற்றியும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆஜோபா என்றால் மராத்தியில் தாத்தா. 1925இல் பிறந்தவர், நூறைத் தொட ஏழு மாதம் பாக்கி. பெனே இஸ்ரேல் யூதர். கொங்கண் கரையில் செக்காட்டிப் பிழைத்த குடிகள் அவர்கள். சனிக்கிழமை மட்டும் செக்கைப் பூட்டமாட்டார்கள் என்பதால் ஊரார் வைத்த பெயர் ‘சனிவார் தேலி’, சனிக்கிழமை வாணியர். பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். துப்பாக்கியோடு பாய்ந்த கதையெல்லாம் அவரிடம் கிடையாது. ரேஷன் பிரிவில் கணக்கெழுதியவர். 1944இல் கொஹிமாவில் ஜப்பானியரோடு சண்டை நடந்தபோது அவர் 46 மைல் தள்ளி திமாப்பூர் கிடங்கில் இருந்தார். 11 மைல் நீளமும் ஒரு மைல் அகலமுமான கிடங்கு. அரிசி, பருப்பு, கோவேறு கழுதைக்குத் தீவனம் என்று மூட்டை மூட்டையாக எண்ணினார். “நான் ஒரு தப்பு பண்ணினால் மலைமேல் ஒருவன் பட்டினி” என்பார். ராணுவத்தைப் பற்றி அவர் அடித்துக்கொண்ட பெருமை அது ஒன்றுதான்.

இல்லை, இன்னொன்றும் உண்டு. 1970இல் சுபேதாராக ஓய்வு பெற்று வந்துவிட்டார். அடுத்த வருடம் டிசம்பர் 16 அன்று டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது. கிழக்குப் பிராந்தியப் படையில் தளபதிக்கு அடுத்து ‘சீஃப் ஆஃப் ஸ்டாஃப்’ பதவியில் இருந்த ஜேக்கப் ஒரு யூதர் என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாராம். ஜேக்கப் கல்கத்தாவின் பாக்தாதி யூதர், பாக்தாத் பக்கமிருந்து வந்து குடியேறிய வம்சம். பாக்தாதிகள் ஒரு காலத்தில் பெனே இஸ்ரேல்காரர்களைச் சரிசமமாக மதித்ததில்லை. அந்தப் பழைய கணக்கை அன்றைக்கே தள்ளுபடி செய்துவிட்டதாக ஆஜோபா சொல்லுவார்.

சரி, நன்றிக்கு வருகிறேன். அவர் உயிர் பிரிந்தது ஒரு வெள்ளிக்கிழமை விடியற்காலை. சூரியன் சாய்ந்தால் சப்பாத் ஓய்வுநாள் தொடங்கிவிடும், அதற்குப் பிறகு அடக்கம் கிடையாது, ஞாயிறுவரை காத்திருக்க வேண்டும். மருத்துவமனையில் ஒரு காகிதத்துக்காக மதியம் ஒரு மணிவரை உட்கார வைத்தார்கள். கீழ்வீட்டுக் காகா (மராத்தியில் சித்தப்பா) மட்டும் அந்தக் கவுன்ட்டரை விட்டு நகரவே இல்லை. சர்க்கரை வியாதிக்காரர், காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை என்று பிறகுதான் தெரிந்தது. காகா, அன்றைக்கு அவரை மண்ணில் சேர்த்தது நீங்கள். இதை அம்மா உங்களுக்குப் படித்துக் காட்டுவாள்.

பையில்லாத வெள்ளைத் துணி அங்கியைத் தைத்துக் கொடுத்த மூன்று பாட்டிமாருக்கும், முகம் கோணாமல் குளிப்பாட்டிய ஆலயத்து ஆண்களுக்கும் நன்றி. மெடல்களைக் குத்திக்கொண்டு வந்த நான்கு பழைய சிப்பாய்களுக்கும். நால்வரில் இளையவருக்கே எழுபத்தெட்டு வயது. சக்கர நாற்காலியில் வந்தவர் குழியருகில் எழுந்து நிற்கப் பார்த்தார், முடியவில்லை. உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார். ஆஜோபாவின் பர்மா ஸ்டார் பதக்கம் அப்போது என் கையில் இருந்தது.

அப்புறம் ஏழு நாள் துக்கம். தினமும் அப்பா கதீஷ் சொல்ல வேண்டும். அரமேய மொழியில் ஒரு துதி, சாவைப் பற்றி அதில் ஒரு வார்த்தைகூட வராது. ஆனால் பதின்மூன்று வயது தாண்டிய பத்து யூத ஆண்கள் கூடினால்தான் அதைச் சொல்ல முடியும். இந்தியா முழுக்க யூதர்கள் ஐயாயிரம் பேர் தேறினால் அதிகம். 1948க்குப் பிறகு பெரும்பாலோர் இஸ்ரேலுக்குப் போய்விட்டார்கள், என் பெரியப்பா உட்பட. தாணேயில் 1879இல் கட்டிய ஆலயம் இருப்பதால் எங்கள் பாடு பரவாயில்லை. இருந்தாலும் மழைக்காலத்து வார நாளில் சாயங்காலம் பத்துப் பேர் சேருவது லேசில்லை. நான் வீட்டிலேயே இருந்தேன், ஆனால் கணக்கில் வரமாட்டேன். ஒன்று, நான் பெண். இரண்டு, என் அம்மா யூதர் இல்லை.

மூன்றாம் நாள் ஒன்பது பேர்தான். மனிதரை ஒன்று, இரண்டு என்று எண்ணக்கூடாது என்பது அவர்கள் வழக்கம். அவர்கள் வேதத்தில் வரும் துதிப்பாடல்களில் சங்கீதம் 28இன் கடைசி வசனம் எபிரேயத்தில் சரியாகப் பத்துச் சொல். ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிப் பார்ப்பார்கள். ஆஜோபாதான் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தார். “மூட்டையை எண்ணலாம், ஆளை எண்ணாதே.” அன்றைக்கு அப்பா ஒவ்வொருவரையும் பார்த்து முணுமுணுத்துக்கொண்டே வந்து ஒன்பதாவது சொல்லில் நின்றார். அந்தச் சொல்லுக்கு ‘வரைக்கும்’ என்று பொருள். பத்தாவது சொல் ‘என்றென்றைக்கும்’. முக்கால் மணி நேரம் அந்த ‘வரைக்கும்’ என்பதிலேயே உட்கார்ந்திருந்தோம்.

பன்வேலிலிருந்து ஒருவர் வந்தார். ரயில் தாமதம், அறுந்த செருப்பு கையில், தலையெல்லாம் ஈரம். ஆஜோபாவை அவர் பார்த்ததே இல்லை. ஆள் குறைகிறது என்று யாரோ சொன்னார்களாம், கிளம்பிவிட்டார். கதீஷ் முடிந்ததும் டீகூடக் குடிக்காமல் கடைசி வண்டியைப் பிடிக்க ஓடினார். ஐயா, உங்கள் போன் நம்பரைக்கூட வாங்கவில்லை. யார் மூலமாவது இது உங்களிடம் வந்து சேரட்டும்.

அம்மா வழி ஆட்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1988இல் அப்பா அம்மா கல்யாணத்துக்கு ஆஜோபா வரவில்லை. உங்களில் சிலருக்கு அந்தக் கோபம் இன்னும் இருக்கிறது, தெரியும். அவர் தம்பி இஸ்ரேல் போனபோது, 1960களின் தொடக்கத்தில், பெனே இஸ்ரேல்காரர் கல்யாணம் என்று போய் நின்றால் நீங்கள் முழு யூதர்தானா என்று அங்குள்ள ரபிகள், அதாவது யூத மதகுருக்கள், பாட்டி, பூட்டி வரைக்கும் விசாரித்தார்கள். போராடித்தான் 1964இல் அது தீர்ந்தது. தம்பியின் கடிதங்களைப் படித்துக் குமுறிய மனிதர் சொந்த மருமகளிடமும் அதையே செய்தாரே என்று நானும் அவரிடம் சண்டை போட்டிருக்கிறேன். பதில் சொன்னதில்லை. நான் பிறந்தபோது மட்டும் மாட்டுங்காவுக்கு மூட்டையோடு வந்தார். அரிசி, நெய், பேரீச்சம்பழம், ஒவ்வொன்றுக்கும் அளவு எழுதிய பட்டியல். பட்டியலின் அடியில் ‘பேத்தி - 1’ என்று எழுதி டிக் அடித்திருந்தார். ஆளை எண்ணாதவர் எண்ணிய ஒரே ஆள் நான்தான். அந்தத் தாளை அம்மா இன்னும் வைத்திருக்கிறாள்.

அப்புறம் அவரும் அம்மாவும் ஒட்டிக்கொண்டது சமையலில். கறியும் பாலும் அவர்கள் வீட்டில் சேராது, அதனால் குழம்புக்குத் தேங்காய்ப்பால்தான். அம்மாவுக்கு அதில் சொல்லித்தர என்ன இருக்கிறது? அவலும் தேங்காயும் பழமும் கலந்து எலியா தீர்க்கதரிசியின் பெயரில் படைக்கும் மலீதாவையும் வருடா வருடம் அவளே செய்தாள்.

ஏழு நாளும் எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாத மாட்டுங்கா சித்திக்கும், காலை ஆறு மணி லோக்கலில் இட்லி சுமந்து வந்த மாமாவுக்கும் நன்றி. யாரும் ‘போய்ட்டு வர்றேன்’ சொல்லாமல் எழுந்து போனீர்கள். துக்க வீட்டில் முகமன் சொல்லக்கூடாது என்பது இவர்களுக்கும் வழக்கம்தான், அப்பா அதைக் கவனித்தார்.

பெயர் வெட்டாத மூன்று தூக்குப் பாத்திரங்கள் எங்கள் வீட்டில் தங்கிவிட்டன. ஒன்றில் மூடிப்பிடி ஆடுகிறது. யாருடையது என்று சொல்லுங்கள். வெறுமனே திருப்பித் தரக்கூடாதாம், மலீதா போட்டுத் தருவதாக அம்மா சொல்கிறாள்.