பணத்தோடு கணக்கின் வயதையும் அனுப்புங்கள்: பழைய பிபிஎஃப் கணக்குகளின் மாற்றம் குறித்து ஒரு திறந்த மடல்

மத்திய நிதி அமைச்சகத்தின் பொருளாதார விவகாரத் துறைக்கும், அஞ்சல் துறைக்கும், பிபிஎஃப் கணக்குகளை நடத்தும் வங்கிகளின் தலைமை அலுவலகங்களுக்கும்,

வணக்கம்.

பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) என்னும் 15 ஆண்டுச் சேமிப்புக் கணக்கைத் தபால் நிலையத்திலிருந்து வங்கிக்கோ, ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கோ மாற்றிக்கொள்ள விதி இடம் தருகிறது. மாற்றிய பிறகும் அது பழைய கணக்கின் தொடர்ச்சிதான். இதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. ஆனால் இந்தத் தொடர்ச்சி கவுன்டரில்தான் அறுந்துபோகிறது.

வைப்பாளர் பழைய இடத்தில் பாஸ்புக்கோடு மாற்று விண்ணப்பம் கொடுக்கிறார். தபால் நிலையம் என்றால் எஸ்பி-10பி படிவம். அங்கிருந்து புதிய கிளைக்குப் போகும் உறைக்குள் கணக்கு தொடங்கிய அசல் விண்ணப்பம், மாதிரிக் கையெழுத்து, நாமினி விவரம், ஆண்டுவாரி வைப்பையும் இருப்பையும் காட்டும் சான்றிட்ட லெட்ஜர் (கணக்கேடு) நகல், மொத்த இருப்புக்கான காசோலை அல்லது டிடி (டிமாண்ட் டிராஃப்ட்) எல்லாம் இருக்க வேண்டும். புதிய கிளை மறுபடி விண்ணப்பமும் கேஒய்சி (அடையாள, முகவரிச் சான்று) ஆவணங்களும் வாங்கிக்கொண்டு கணக்கைப் பதிவு செய்கிறது. டிடி எப்படியும் வந்து சேர்ந்துவிடும். லெட்ஜர் நகல்தான் வராமல் போகும்; வந்தாலும் யாரும் பிரித்துப் படிக்காமல் கோப்பில் கிடக்கும். சிக்கல் அத்தனையும் அந்த ஒரு தாளில்தான் தொடங்குகிறது.

2012 செப்டம்பரில் தொடங்கிய ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். தொடங்கிய நிதியாண்டு 31-3-2013-இல் முடிகிறது. அதிலிருந்து 15 ஆண்டு எண்ணினால் 1-4-2028-இல் முதிர்வு. இந்தக் கணக்கு 2025 ஜூலையில் புதிய கிளைக்கு வருகிறது. பதிவு செய்பவர் தொடக்கத் தேதி கட்டத்தில் அன்றைய தேதியைத் தட்டிவிட்டால் கணினி முதிர்வை 1-4-2041 என்று காட்டும். ஒரே தட்டலில் 13 ஆண்டு தள்ளிப்போகிறது! புது பாஸ்புக்கிலும் அதே தேதிதான் அச்சாகும். வைப்பாளர் பெரும்பாலும் முதல் பக்கத்தில் பெயரையும் இருப்பையும் பார்த்துவிட்டு மூடிவிடுவார். மகளின் படிப்புக்கோ வீட்டுக்கோ பணம் கேட்டு வரும் நாளில்தான் விஷயம் வெளியே வரும்.

தேதி சரியாக இருந்தாலும் ஆண்டுவாரி இருப்பு இல்லாவிட்டால் பகுதிப் பணம் எடுப்பது முடங்கும். நான்காம் முந்தைய ஆண்டின் இறுதி இருப்பு, முந்தைய ஆண்டின் இறுதி இருப்பு, இவற்றில் எது குறைவோ அதில் பாதி வரைதான் எடுக்கலாம். நான்கு ஆண்டுக்கு முன் இருப்பு எவ்வளவு என்று கணினியிடம் கேட்டால், அங்கே பூஜ்யம் இருக்கிறது. பூஜ்யத்தில் பாதி பூஜ்யம். "உங்களுக்குத் தகுதி இல்லை" என்று கவுன்டரில் இருப்பவர் சொல்வதைத் தவறென்றும் சொல்ல முடியாது, அவர் திரையில் தெரிவதைச் சொல்கிறார்.

வட்டியில் விழும் ஓட்டை இன்னும் மோசம். ஒவ்வொரு மாதமும் 5-ஆம் தேதிக்கும் மாத இறுதிக்கும் இடையே உள்ள குறைந்தபட்ச இருப்புக்குத்தான் வட்டி. கணக்கில் 22 லட்சம் ரூபாய் இருக்கிறது, ஜூலை 20 அன்று பழைய இடத்தில் மூடி டிடி எடுக்கிறார்கள், புதிய கிளை அதை ஆகஸ்ட் 12 அன்று வரவு வைக்கிறது என்று கொள்வோம். பழைய இடம் ஜூன் வரை வட்டி கணக்கிடும், புதிய கிளை செப்டம்பரிலிருந்து கணக்கிடும். நடுவில் இரண்டு மாதம் யாருடைய ஏட்டிலும் இல்லை. 7.1 சதவீதத்தில் மாதத்துக்கு ரூ.13,016, இரண்டு மாதத்துக்கு ரூ.26,000-க்கு மேல். கணக்கு தொடர்ச்சியானது என்ற விதிப்படி இது வைப்பாளருக்குச் சேர வேண்டிய பணம். கேட்டு வாங்குபவருக்குத்தான் கிடைக்கிறது. கேட்பதற்கு விடுபட்டது தெரிந்திருக்க வேண்டுமே.

ஆண்டு உச்சவரம்பு ரூ.1.5 லட்சம் என்பதால், 22 லட்சத்தைச் சாதாரண வைப்பாகப் பதிய முயன்றால் கணினி ஏற்காது. அப்போது பணம் கிளையின் சஸ்பென்ஸ் கணக்கில், அதாவது எதிலும் சேராத தொகையைத் தற்காலிகமாக நிறுத்திவைக்கும் கணக்கில், போய் உட்காரும். அதே ஆண்டில் பழைய இடத்தில் ஏற்கெனவே 1 லட்சம் கட்டியது புதிய கிளைக்குத் தெரியாவிட்டால், மேலும் 1.5 லட்சம் வாங்கிக்கொள்ளும். அதிகமாகக் கட்டிய 1 லட்சத்துக்கு வட்டி கிடையாது.

இந்த அலைச்சலுக்கு அஞ்சி, பழையதை அப்படியே விட்டுவிட்டு வங்கியில் இன்னொரு பிபிஎஃப் தொடங்கியவர்கள் உண்டு. ஒருவர் பெயரில் ஒரு கணக்குதான் இருக்கலாம். 1-10-2024 முதல் நடைமுறைக்கு வந்த உங்கள் வழிகாட்டுதலின்படி, வைப்பாளர் தேர்ந்தெடுக்கும் முதன்மைக் கணக்கோடு இரண்டாவது கணக்கு சேரும். ஆண்டு உச்சவரம்புக்கு மேற்பட்டது வட்டியில்லாமல் திரும்பும். மூன்றாவது கணக்கு இருந்தால் தொடங்கிய நாளிலிருந்தே வட்டி பூஜ்யம். இந்தச் சீரமைப்பையும் ஆண்டுவாரி வைப்பு விவரம் இல்லாமல் செய்ய முடியாது.

முதிர்ந்த கணக்குகளில் கூடுதல் கவனம் வேண்டும். முதிர்ந்து ஓராண்டுக்குள் படிவம் 4 கொடுத்தால்தான் ஐந்தாண்டு நீட்டிப்பில் தொடர்ந்து பணம் கட்ட முடியும். கொடுத்திருக்கிறாரா என்பது புதிய கிளைக்குத் தெரிய வேண்டும். கொடுத்தவர் அந்த ஐந்தாண்டில், நீட்டிப்பு தொடங்கியபோது இருந்த இருப்பில் 60 சதவீதம் வரைதான் எடுக்கலாம். கொடுக்காதவர் ஆண்டுக்கு ஒரு முறை எவ்வளவும் எடுக்கலாம், ஆனால் கட்ட முடியாது. இரண்டையும் குழப்பினால் ஒருவருக்கு உரிமை போகும், இன்னொருவர் கட்டிய பணம் வட்டியில்லாமல் கிடக்கும்.

நாங்கள் கேட்பது ஒரே ஒரு தாள். எல்லா வங்கிக்கும் தபால் நிலையத்துக்கும் பொதுவான மாற்றுச் சான்று ஒன்றைக் கட்டாயமாக்குங்கள். தொடக்கத் தேதி, முதிர்வுத் தேதி, ஆண்டுவாரி வைப்பும் இறுதி இருப்பும், நடப்பாண்டில் கட்டிய தொகை, எந்த மாதம் வரை எவ்வளவு வட்டி என்பது, நிலுவைக் கடன், நீட்டிப்பு நிலை, நாமினி ஆகியவை அதில் இருக்கட்டும். அது இல்லாமல் டிடியை ஏற்கக் கூடாது. அதன் நகல் வைப்பாளர் கையில் இருக்க வேண்டும். இடைப்பட்ட மாதங்களின் வட்டியை யார் தருவது என்பதையும் எழுத்தில் சொல்லுங்கள். பணம் மின்னணு வழியில் போகட்டும். டிடி மூன்று மாதத்தில் காலாவதியாகும், பெயர் தவறினால் திரும்பிவரும்.

அந்தச் சான்று நடைமுறைக்கு வரும்வரை கவுன்டரிலேயே வைப்பாளரிடம் நாலு வார்த்தை சொல்லச் சொல்லுங்கள். மார்ச்சில் மாற்ற வேண்டாம். மார்ச் 31 வட்டி வரவானதும் பாஸ்புக்கில் பதிவு போட்டு, எல்லாப் பக்கத்தையும் நகல் எடுத்து வைத்துக்கொண்டு, ஏப்ரல் நடுவில் விண்ணப்பிக்கலாம். அந்த ஆண்டுத் தொகையைக் கட்டுவதானால் ஏப்ரல் 5-க்குள் பழைய இடத்திலேயே கட்டிவிடலாம். பாஸ்புக் கைவிட்டுப் போகும் என்பதால் ஒப்புகைச் சீட்டு வாங்காமல் நகரக் கூடாது. புது பாஸ்புக் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தொடக்கத் தேதி, அடுத்தது நாமினி பெயர். நாமினி விடுபட்டிருந்தால் உடனே பதிவு செய்யலாம்; 2025 ஏப்ரல் முதல் அதற்குக் கட்டணமும் இல்லை.

ஏற்கெனவே தவறான தேதியோடு ஓடிக்கொண்டிருக்கும் கணக்குகளுக்கும் ஒரு வழி வேண்டும். மாற்றி வந்த எல்லாக் கணக்குகளையும் கிளைவாரியாக எடுத்து, தொடக்கத் தேதியும் மாற்றத் தேதியும் ஒன்றாக இருப்பவற்றைப் பிரித்தாலே பெரும்பாலானவை அகப்படும். கணினியில் இது ஒரு நாள் வேலை. இந்த நிதியாண்டு முடிவதற்குள் செய்ய உத்தரவிடுங்கள்.

இப்படிக்கு,
பிபிஎஃப் மாற்றுப் படிவங்களை நிரப்பித் தருபவர்களும் சரிபார்ப்பவர்களும்