'உங்க டீம்' என்று சொன்ன மாப்பிள்ளைக்கு

மாப்ள,

போன ஞாயிற்றுக்கிழமை வாசலில் உட்கார்ந்து உங்கப்பா பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாய். கையில் இருந்த துணி நீலமாக இருந்தது. கிட்டே வந்து பார்த்தால், நான் நாலு வருஷம் போட்டுவிட்டு உனக்குக் கொடுத்த 'சென்னையின் எஃப்சி' கால்பந்து அணிச் சட்டை. காலர் முழுக்கச் செயின் எண்ணெய். "என்னடா, நம்ம டீம் சட்டை!" என்றேன். நீ நிமிரக்கூட இல்லை. "நம்ம டீம் இல்ல மாமா, உங்க டீம்" என்றாய். உள்ளேயிருந்து உங்கம்மா சிரிக்கிற சத்தம் கேட்டது.

அப்போது எனக்குப் பதில் வரவில்லை. வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டுப் போய்விடுவாய். அதனால்தான் நாலு பேர் பார்க்கிற இடத்தில் எழுதுகிறேன்.

உன்மேல் கோபமில்லை. நீ பார்த்தது அப்படி. நான் பார்த்தது வேற.

2015-ல் உனக்கு நாலு வயசு. வெள்ளத்தில் மெட்ராஸ் மூழ்கிக் கிடந்த டிசம்பர் அது. இந்தியன் சூப்பர் லீக்கில் நம்முடைய அரையிறுதியையே புனேவுக்குத் தூக்கிக்கொண்டு போய் நடத்தினார்கள். அங்கே கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். இத்தனைக்கும் அந்த சீசனில் ஒரு கட்டத்தில் பட்டியலில் கடைசியில் கிடந்த அணி. இறுதி ஆட்டம் கோவாவில், கோவா அணியோடு. வில்லாபுரத்தில் ஒரு பரோட்டா கடை டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். 87-வது நிமிஷத்தில் கோவா 2-1 என்று முன்னால் போனது. கடைக்காரர் சேனலை மாற்ற ரிமோட்டைத் தேட ஆரம்பித்தார். "அண்ணே, ரெண்டு நிமிஷம்ணே" என்றேன். அந்த ரெண்டு நிமிஷத்தில்தான் அவர்கள் கோல்கீப்பர் மேலேயே பட்டுப் பந்து உள்ளே போனது. பிறகு 90 நிமிஷம் தாண்டி, விசில் ஊதுவதற்குள் நம்ம மெண்டோசா ஒன்று. 3-2. கல்லில் கொத்துப் பரோட்டா போட்டுக்கொண்டிருந்தவர் கொத்துவதை நிறுத்திவிட்டு டிவியைப் பார்த்தார். மதுரையில் அந்தச் சத்தம் அவ்வளவு சுலபத்தில் நிற்காது மாப்ள.

2018 உனக்கு லேசாக ஞாபகம் இருக்கலாம். பெங்களூருவில், அவர்கள் மைதானத்தில் இறுதி ஆட்டம். 9-வது நிமிஷத்திலேயே அவர்களுடைய சேத்ரி கோல் போட்டுவிட்டார். நம்ம மெய்ல்சன் ஆல்வ்ஸ் ரெண்டு கார்னரில் ரெண்டு தடவை தலையால் முட்டினார், ரஃபேல் அகஸ்டோ மூன்றாவது போட்டார். மறுபடியும் 3-2. நடுக்களத்தில் வியாசர்பாடி பையன் தன்பால் கணேஷ். நம்ம ஊர் வெயிலில் காய்ந்த முகம் ஒன்று கோப்பையோடு நிற்கிறதே என்று எனக்கு அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்த வருஷம், நடப்புச் சாம்பியன், 18 ஆட்டத்தில் 2 வெற்றி. மொத்தம் 9 புள்ளி, கடைசி இடம். சரி, சறுக்கல் எல்லாருக்கும்தான். அதற்கடுத்த சீசன் பாதியில் பயிற்சியாளர் ஜான் கிரெகரி போனார், ஓவன் கோயில் வந்தார். பெயரைக் கேட்டுவிட்டு, "கோயிலே வந்துருச்சு, இனி என்ன" என்று கடையில் கிண்டல். கிண்டல் பலித்தது. கீழே கிடந்த அணியை இறுதி ஆட்டம் வரை இழுத்துக்கொண்டு போனார் மனுஷன். முன்கள ஆட்டக்காரர் வால்ஸ்கிஸ் 15 கோல். கோப்பைதான் கிடைக்கவில்லை.

அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. அந்த சீசன் முடிந்ததும் கோயிலும் ஜாம்ஷெட்பூர் அணிக்குப் போனார், வால்ஸ்கிஸும் அங்கேயே போனார். பிடித்து வைக்க வேண்டிய ரெண்டு பேரும் ஒரே கதவு வழியாக. பிறகு சாபா லாஸ்லோ, போஜிதார் பண்டோவிச், தாமஸ் பிரடாரிச் என்று வருஷத்துக்கு ஒருத்தர். பண்டோவிச் சீசனைக்கூட முடிக்கவில்லை. மூன்று வருஷமும் எத்தனையாவது இடம் தெரியுமா? 8, 8, 8. லைசென்ஸ் எடுக்கப் போகிறவன்கூட ஒரு தடவை 8 போட்டால் போதும்.

2023-ல் கோயில் திரும்பி வந்தார். ஆறாவது இடம் பிடித்து பிளே-ஆஃப் வரைக்கும் போனோம். அடுத்த சீசன் 13 அணிகளில் 11-வது. அவரும் கிளம்பிவிட்டார். அதற்கப்புறம் லீக் நடக்குமா நடக்காதா என்பதே பெரிய கேள்வியாகி, வழக்கமாகத் தொடங்குகிற செப்டம்பரும் தாண்டிப் போனது. அது டெல்லியில் உட்கார்ந்திருப்பவர்களின் ஒப்பந்தச் சண்டை, அதைப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு ஏறும்.

நாம் ரெண்டு பேரும் வைகை எக்ஸ்பிரஸ் பிடித்து ஆட்டம் பார்க்கப் போனோமே, அன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். நேரு ஸ்டேடியத்தில் பையன்கள் வார்ம்-அப் பண்ணிக்கொண்டிருந்தார்கள். நீ ஒவ்வொருவராகக் காட்டி, "இவரு யாரு மாமா? அவரு?" என்று கேட்டாய். நாலாவது ஆளுக்கு மேல் எனக்குத் தெரியவில்லை. "புதுசா வந்திருக்காருடா" என்று சமாளித்தேன். அஞ்சு பேருக்கு அதே பதில். நீ கேட்பதை நிறுத்திவிட்டாய். அன்றைக்குத் தோற்றோம். பார்க் ஸ்டேஷனில் மின்சார ரயில் பிடித்து, வண்டலூரில் இறங்கி, ஆட்டோவில் கிளாம்பாக்கம் போய்ச் சேரும்போது நடுராத்திரி. கோயம்பேடாக இருந்தால் பக்கத்தில் முடிந்திருக்கும். மாட்டுத்தாவணி வரைக்கும் என் தோளில் சாய்ந்து தூங்கினாய், ஸ்கூலுக்கு மட்டம், உங்கம்மாவிடம் திட்டு எனக்கு. அதெல்லாம் பரவாயில்லை. "புதுசா வந்திருக்காருடா" என்று அஞ்சு தடவை சொன்னதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

உங்க பாலமேட்டுத் தாத்தா வீட்டுக் காளையை நினைத்துப் பார். ரெண்டு பொங்கலுக்கு அடுத்தடுத்துப் பிடிமாடாகப் போனது. வாடிவாசலை விட்டு வந்த வேகத்தில் எவனோ திமிலைக் கட்டிக்கொண்டான். ஊரே, "வித்துட்டு வேற கன்னு வாங்குங்க" என்றது. தாத்தா காதிலேயே வாங்கவில்லை. அதே பருத்திக்கொட்டை, அதே கண்மாயில் நீச்சல், மண்மேட்டில் கொம்பால் குத்த விடுவது. ஒன்றே ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருந்தார்: கயிறு பிடிக்கிற ஆளை மாற்றக் கூடாது. வருஷத்துக்கு ஒருத்தன் பிடித்தால் மாடு யார் பேச்சைத்தான் கேட்கும் என்பார். இந்த அணியை நடத்துகிறவர்களைப் பாலமேட்டுக்குக் கூட்டிவந்து ஒரு வாரம் அந்தத் தொழுவத்தில் உட்கார வைக்கலாம் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

நீ இப்போது ரியல் மாட்ரிட் பார்க்கிறாய். பார். அங்கே யார் பெயரைக் கேட்டாலும் மூச்சு விடாமல் சொல்கிறாய், பொறாமையாக இருக்கிறது. ஆனால் அவர்கள் ஆடும்போது இங்கே பாதி ராத்திரி, வைகையில் ஏறிப் போய் வரமுடியாது.

சட்டையை உங்கம்மாவிடம் கொடுத்து சோடா உப்பில் ஊறவைக்கச் சொல். எண்ணெய் போகாவிட்டாலும் பரவாயில்லை, என்னிடமே திருப்பிக் கொடு. பைக் துடைக்க என் பழைய லுங்கி ஒன்று தருகிறேன். அப்புறம், அடுத்து நேரு ஸ்டேடியத்தில் ஆட்டம் வரும்போது நான் போகத்தான் போகிறேன். ஒரு டிக்கெட்டா ரெண்டு டிக்கெட்டா என்று மட்டும் சொல். பெயர்களை இந்தத் தடவை முன்கூட்டியே படித்துக்கொண்டு வருகிறேன்.

உன் மாமா