அரையாண்டு விடுமுறைக்குப் பின் பெற்றோருக்கு ஒரு கடிதம்

தண்டையார்பேட்டை
ஜனவரி 2024

அன்புள்ள பெற்றோர்களே, பாதுகாவலர்களே,

வணக்கம். அனைவருக்கும் புத்தாண்டு, பொங்கல் வாழ்த்துகள்.

மிக்ஜாம் புயலால் தள்ளிப்போன அரையாண்டுத் தேர்வு ஒருவழியாக நடந்து முடிந்தது. விளையாட்டுப் போட்டிகளிலும் ஓவியப் போட்டியிலும் நம் பிள்ளைகள் பரிசு பெற்றார்கள். அறிவியல் கண்காட்சி சிறப்பாக நடந்தது. பத்தாம் வகுப்புக்கு மாலைநேர வகுப்புகள் தொடங்கிவிட்டன. அனைவருக்கும் பாராட்டுகள்.

அடுத்து, நுழைவாயிலை ஒட்டிய அறிவிப்புப் பலகை.

‘2023-இல் நம்மைவிட்டுப் பிரிந்தவர்கள்’ என்ற தலைப்பில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அதை அமைத்தார்கள். கடையில் அச்சடித்துத் தரும் தாளை ஒட்டக் கூடாது, வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது சமூக அறிவியல் ஆசிரியை போட்ட விதி. வியாசர்பாடியிலிருந்து வரும் கால்பந்துப் பையன்கள் 1966 உலகக் கோப்பையை வென்ற இங்கிலாந்து அணியின் பாபி சார்ல்டனுக்குப் பக்கத்திலேயே, 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற நம் அணியின் துளசிதாஸ் பலராமையும் வைத்தார்கள். பலராமின் பெயரை எடுத்துக் கொடுத்தவர் ஒரு தாத்தா. 1941-இல் பட்டப்படிப்பின் இறுதித் தேர்வு நெருங்கிய நேரத்தில் கைதாகி, தேர்வே எழுத முடியாமல்போன விடுதலைப் போராட்ட வீரர் என்.சங்கரய்யாவைப் பற்றி எழுதிய மாணவன், “அப்படியானால் பரீட்சை எழுதாமலும் பெரிய ஆளாகலாமா?” என்று கேட்டிருக்கிறான். எட்டு ஆண்டுச் சிறைக்கும் தயார் என்றால் ஆகலாம் என்று ஆசிரியை பதில் சொன்னாராம். சந்திரயான்-3 புறப்பட்டபோது ஸ்ரீஹரிகோட்டாவில் நேரத்தை எண்ணிச் சொன்ன வளர்மதிக்குப் பிள்ளைகள் படம் வைக்கவில்லை. பத்திலிருந்து பூஜ்யம் வரை எண்களை மட்டும் எழுதி வைத்தார்கள். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையை 1978-இல் தொடங்கிய டாக்டர் எஸ்.எஸ்.பத்ரிநாத்தைப் பற்றி ஒரு சிறுமி பச்சை ஸ்கெட்ச் பேனாவால் எழுதியிருந்தாள். கண்புரை அறுவைக்குப் பிறகு அவளுடைய ஆயா வீட்டுக்கு வந்ததும் பார்த்தது பேத்தியின் முகத்தை அல்ல, மின்விசிறியில் தொங்கிய ஒட்டடையைத்தானாம். அன்றே துடைப்பம் எடுத்துவிட்டாராம்.

பலகை நிறைவடைந்து, தேர்வும் முடிந்து, விடுமுறை விட்டோம். டிசம்பர் 28 அன்று திரு. விஜயகாந்த் காலமானார். ஜனவரி 2 பள்ளி திறந்தபோது பலகையில் அவர் இல்லை. காரணம் இவ்வளவுதான்.

ஆனால் வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இதற்கு வேறு காரணங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. எந்தக் கட்சிக்காரர் பள்ளியில் ஆதிக்கம் செலுத்துகிறார், யார் படம் ஏன் மேல்வரிசையில், யார் படம் ஏன் சிறியது என்று நள்ளிரவு தாண்டியும் குரல்பதிவுகள் வந்தன. லித்தியம் அயனி மின்கலத்துக்காக 2019-இல் நோபல் பரிசு பெற்று, நூறு வயதில் மறைந்த ஜான் குட்இனஃப் பலகையின் கீழ்வரிசையில் இருக்கிறார். அவர் புண்ணியத்தில் யாருடைய கைப்பேசியும் பாதியில் அணையவில்லை.

உங்கள் துக்கம் எனக்குப் புரிகிறது. பசி என்று வந்தவரை வெறும் வயிற்றோடு அனுப்பாதவர் என்று விஜயகாந்தைப் பற்றி இந்தப் பகுதியில் சொல்லாதவர் இல்லை. அன்பு மிகுதியில் ஒரு வார்த்தை கூடிப்போவதும் இயல்புதான்.

மறுநாள் காலை நடந்ததை மட்டும் அப்படி எடுத்துக்கொள்ள முடியவில்லை. யாரோ ஒரு பெரிய வண்ணப்படத்தைக் கொண்டுவந்து, அந்தப் பச்சை எழுத்துகளின் மேலேயே பசை தடவி ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தெடுத்தபோது ஆயாவும் ஒட்டடையும் சேர்ந்து கிழிந்து வந்துவிட்டன. மீண்டும் எழுதச் சொன்னோம். அந்தச் சிறுமி மாட்டேன் என்றுவிட்டாள். அதே காலையில் ஆசிரியையை நுழைவாயிலருகே மறித்து, பிள்ளைகள் பார்க்கக் குரலை உயர்த்தியவர்களும் உண்டு.

இது பள்ளிக்கூடம், தெருமுனை அஞ்சலிப் பலகை அல்ல. பெரியவர்கள் எவரும் இனி அந்தப் பலகையில் கை வைக்கக் கூடாது. படம், மாலை, கொடி எதுவும் உள்ளே வராது. வகுப்புக் குழுவில் இனி ஆசிரியர்கள் மட்டுமே செய்தி அனுப்ப முடியும். குறை இருந்தால் மாலை நான்கு மணிக்கு மேல் என் அறைக்கு வாருங்கள். ஆசிரியையை வழியில் நிறுத்துவது இன்னொரு முறை நடந்தால், சம்பந்தப்பட்டவரை அழைத்து எழுத்துமூலமாக விளக்கம் கேட்பேன்.

விஜயகாந்துக்கான இடம் இந்த வாரமே சேர்க்கப்படுகிறது. அவரை நேரில் பார்த்தவர்கள், அவர் கையால் சாப்பிட்டவர்கள் உங்களில் இருப்பீர்கள். அதை உங்கள் பிள்ளையிடம் சொல்லுங்கள், அவர்கள் எழுதட்டும். எழுத்துப்பிழையைக்கூட நீங்கள் திருத்த வேண்டாம், அது எங்கள் வேலை.

வெள்ளம் புகுந்த நாட்களில் சொல்லாமலே வந்து பெஞ்சுகளையும் பதிவேடுகளையும் மாடிக்குச் சுமந்தவர்கள் நீங்கள். அவர்களில் சிலர் இந்த விவாதத்திலும் இருந்தார்கள் என்பது எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்த நன்றி குறையவில்லை.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: கிழிந்த தாளுக்காக எவரேனும் அந்தச் சிறுமியிடம் வருத்தம் தெரிவிக்க விரும்பினால், மாலையில் அவளை அழைக்க வரும் ஆயாவிடம் சொன்னால் போதும். அவருக்குக் கண் நன்றாகவே தெரிகிறது.