கோயில் தெரு நடைபாதையில் மோட்டார் சைக்கிள்கள்: நான்காவது மனு

பெறுநர்:
வட்டாரப் பொறுப்பு அதிகாரி அவர்கள்,
மோல்மீன், மியான்மர்.

அனுப்புநர்:
கோயில் தெருக் குடியிருப்போர் சார்பாக, மாலைத் தமிழ் வகுப்பு ஆசிரியை.

பொருள்: நடைபாதையில் வண்டி நிறுத்துவதை, அபராதமும் அதட்டலும் இல்லாமல், மனிதர் மனசறிந்து குறைக்க வேண்டுவது குறித்து.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். எங்கள் தெருவிலிருந்து தங்களுக்கு வரும் நான்காவது மனு இது. முதல் மூன்றும் பர்மிய மொழியில் எழுதியவை. எதற்கும் ஒரு வரிப் பதில் வரவில்லை. மனசில் உள்ளது தமிழில்தான் எனக்கு முழுசாக வரும் என்பதால் இந்த முறை தமிழிலேயே எழுதிவிட்டேன். என் தம்பி மகன் அதைப் பர்மிய மொழியில் பெயர்த்துத் தந்தான். இரண்டையும் சேர்த்தே இணைத்திருக்கிறேன். தங்கள் வேலைப்பளு எனக்குத் தெரியும். அருள்கூர்ந்து கடைசிவரை படிக்க வேண்டுகிறேன்.

1. கீழ் மெயின் ரோட்டிலிருந்து ஆற்றுப் பக்கம் இறங்கும் எங்கள் தெரு தாங்கள் அறியாததல்ல. மூலையில் டீக்கடை, அடுத்து கேரி என்னும் வாடகை மோட்டார் சைக்கிள் ஓட்டுபவர்கள் சவாரிக்குக் காத்திருக்கும் மரத்தடி, அப்புறம் போன் கடை, அப்புறம் கோயில் மதில். நடைபாதை ஆறடி இருந்தால் அதிகம். காலை ஆறரைக்கெல்லாம் அதன் மேல் வண்டிகள் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கின்றன. எதிர்ப்பக்கம் பழைய கிடங்குச் சுவர் ஓரத்தில் நாள் முழுக்க இடம் காலியாகக் கிடக்கிறது. அங்கே யாரும் நிறுத்துவதில்லை.

2. என் அண்ணனைப் பற்றி முன் மனுக்களில் இரண்டு வரிதான் எழுதினேன். இப்போது விவரமாக எழுதுகிறேன். அவருக்கு வயது 67. மர ஆலையில் முப்பது வருஷம் உழைத்தவர். சர்க்கரை நோயில் இரண்டு கண்ணும் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. வீட்டு வாசற்படியிலிருந்து கோயில் மணி வரை 214 காலடி என்று அவரே எண்ணி வைத்திருந்தார். யார் கையையும் பிடிக்காமல், குச்சியைத் தட்டிக்கொண்டு, காலை பூசைக்குப் போய் வருவார். அந்த ஒரு நடைதான் அவருக்கு மிஞ்சியிருந்தது. சமைக்க முடியாது, கடைக்குப் போக முடியாது, படிக்க முடியாது. ஆனால் 214 அடியும் அவருடையது.

நடுவில் ஒரு வண்டி நின்றால் அவர் விலக வேண்டும். விலகினால் எண்ணிக்கை போயிற்று. எண்ணிக்கை போனால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாது. ஒரு நாள் அப்படி விலகி, சிலாப் உடைந்த இடத்தில் கால் இறங்கிச் சாக்கடையில் விழுந்தார். நம் ஊர் மழைக்காலத்தில் சாக்கடை எது, ரோடு எது என்று கண்ணுள்ளவருக்கே தெரியாது. இன்னொரு நாள், அப்போதுதான் வந்து நின்ற ஒரு கென்போ வண்டியின் சைலென்சரில் கெண்டைக்கால் ஒட்டிவிட்டது. சர்க்கரைக்காரருக்குக் காலில் உணர்ச்சி மட்டு. சுட்டது அவருக்குத் தெரியவில்லை ஐயா. கருகிய வாசனை மூக்குக்கு வந்த பிறகுதான் காலை எடுத்தார். எங்கோ கறி வாட்டுகிறார்கள் என்று நினைத்தாராம். அந்தப் புண் ஆற மூன்று மாதம் ஆயிற்று. தினமும் மருந்து வைத்துக் கட்டியது நான்.

இப்போது அவர் கோயிலுக்குப் போவதில்லை. வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மணிச் சத்தம் கேட்டதும் கை கூப்புகிறார். நான் கூட வருகிறேன் என்றால், "உனக்கு வகுப்பு இருக்கு, போம்மா" என்கிறார்.

3. மனுவுக்குப் பதில் வராவிட்டாலும் தாங்கள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். முதல் மனுவுக்குப் பிறகு 'மயட்யா', அதாவது நிறுத்தாதே, என்ற போர்டு வந்தது. இரண்டாவதற்குப் பிறகு ஒரு நாள் ஒலிபெருக்கி வந்தது. மூன்றாவதற்குப் பிறகு ஒரு லாரி வந்து ஒன்பது வண்டிகளை ஏற்றிப் போனது. மறுநாள் காலை அதே இடத்தில் பதினொன்று நின்றன. அந்தப் போர்டின் கம்பத்தில் சங்கிலி போட்டுப் பூட்டிய வண்டியே இரண்டு.

அந்தப் போர்டு இப்போது நன்மையை விடத் தீமைதான் செய்கிறது என்று சொல்ல எனக்கு ஆதாரம் உண்டு. என் மகள் ஜப்பானில், ஒசாகாவில், முதியோர் பராமரிப்பு வேலையில் இருக்கிறாள். இந்த விஷயமாக அவள் தேடிப் படித்துப் போனில் சொன்னது இது. ஹாலந்து நாட்டுக் குரோனிங்கன் நகரில் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை செய்து 2008-ல் வெளியிட்டார்கள். ஒரு வேலியில் சிறு சந்து விட்டு, இரண்டு போர்டு மாட்டினார்கள். இந்தச் சந்தில் நுழையாதே, 200 மீட்டர் சுற்றிப் போ என்று ஒன்று. வேலியில் சைக்கிள் பூட்டாதே என்று மற்றொன்று. சைக்கிள்கள் வேலியைத் தொடாமல் தள்ளி நின்றபோது நூற்றுக்கு 27 பேர்தான் சந்தில் நுழைந்தார்கள். அதே சைக்கிள்களை வேலியிலேயே பூட்டி வைத்தபோது 82 பேர் நுழைந்தார்கள். போர்டு அதேதான். அதை மதிக்காத நான்கு சைக்கிள் கண்ணில் பட்டதுதான் வித்தியாசம். ஒரு சட்டம் மீறப்பட்டு நிற்பதைப் பார்ப்பவன் அடுத்த சட்டத்தையும் லேசாக நினைக்கிறான். எங்கள் தெருவில் இப்போது வண்டிக்குப் பக்கத்தில் குப்பையும் சேர்கிறது. வெற்றிலை எச்சில் கோயில் மதில் வரை வந்துவிட்டது.

அமெரிக்காவின் அரிசோனாவில் கல்லாகிப்போன மரங்கள் உள்ள காட்டில் நடந்த சோதனை ஒன்றையும் சொன்னாள். 'நிறையப் பேர் எடுத்துப் போய்விட்டார்கள்' என்று எழுதி வைத்ததும் திருட்டு கூடியதாம். ஒலிபெருக்கியில் வந்தவர் "இங்கே எல்லோரும் தப்பாக நிறுத்துகிறீர்கள்" என்றுதான் திரும்பத் திரும்பச் சொன்னார். எல்லோரும் செய்கிறார்கள் என்றால் நானும் செய்யலாம் என்றுதானே கேட்பவன் எடுத்துக்கொள்வான்?

4. வெளிநாட்டுக் கதையெல்லாம் மோல்மீனுக்கு ஆகுமா என்று தாங்கள் கேட்கலாம். நம் தெருவிலேயே நடந்ததைச் சொல்கிறேன். போன பொங்கலுக்கு என் வகுப்புப் பிள்ளைகள் கோயில் முன் நடைபாதையில் இருபதடி நீளத்துக்குக் கோலம் போட்டார்கள். பானை, கரும்பு, மயில், ஓரமாகப் புத்தர் கோயில் கோபுரம் ஒன்று. அன்று ஒரு வண்டிகூட அதன் மேல் ஏறவில்லை. அடுத்த நாளும் இல்லை. மூன்றாம் நாள் ஒரு கேரிக்காரத் தம்பி வழக்கம்போல ஏற்ற வந்தவர், கீழே பார்த்தார், வண்டியைத் தூக்கித் திருப்பி எதிர்ச்சுவர் ஓரம் விட்டார். திண்ணையிலிருந்து நான் கண்ணால் பார்த்தது. யாரும் அவரை அதட்டவில்லை. பிள்ளைகள் போட்ட கோலத்தின் மேல் சக்கரத்தை ஏற்ற அவருக்கு, பர்மியர் ஆனாடே என்கிற தயக்கம் வந்துவிட்டது. அந்த நாலு நாள் அண்ணன் 214 அடியும் எண்ணிப் போய் வந்தார்.

ஐந்தாம் நாள் கோலம் மிதிபட்டு மங்கியது. காலையில் ஒரு வண்டி ஏறியது. பத்து மணிக்கு மூன்று. சாயங்காலம் ஏழு. அதற்குப் பிறகு இரண்டு வாரம் நோட்டுப் போட்டுக் குறித்தேன். முதல் வண்டி எங்கே நிற்கிறதோ அங்கேதான் மற்றவை வந்து சேர்கின்றன. முதல் வண்டி சுவர் ஓரம் நின்ற நாட்களில் நடைபாதை மதியம் வரைகூடக் காலியாக இருந்தது.

ஆனாடே என்பதற்குத் தமிழில் சரியான வார்த்தை எனக்குக் கிடைக்கவில்லை. கூச்சம் என்றால் போதாது, தாட்சண்யம் என்றாலும் போதாது. இந்த மண்ணில் பிறந்த தங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அபராதத்துக்கு அஞ்சாதவனும் இங்கே ஆனாடேக்கு அடங்குவான்.

5. ஆகவே நாங்கள் கேட்பவை:

அ. எதிர்ச்சுவர் ஓரத்தில் வண்டி நிறுத்தும் கோடுகளை வெள்ளைப் பெயிண்டில் போட அனுமதி. இங்கே நிறுத்தாதே என்பதைவிட அங்கே நிறுத்து என்பது சுலபமாக மனசில் ஏறும். முதல் வண்டியை அங்கே விட டீக்கடைக்காரரிடம் நானே பேசிவிட்டேன், அவர் சம்மதித்தார்.

ஆ. நடைபாதையில் கோலம், மழைக்குக் கரையாத பெயிண்டில். வரைய எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள். பெயிண்ட் செலவும் எங்களுடையது. தங்கள் கையெழுத்து ஒன்றுதான் வேண்டும்.

இ. 'மயட்யா' போர்டை எடுத்துவிட்டு, 'கண் தெரியாத பெரியவர் ஒருவர் காலை ஆறரைக்கு இந்த வழியாகக் கோயிலுக்கு நடக்கிறார்' என்று பர்மிய மொழியில் ஒரு பலகை. அண்ணனிடம் கேட்டுவிட்டேன். முதலில் வேண்டாம் என்றார், பிறகு "எழுதிக்கோ" என்றார்.

ஈ. கோடு முதலில், பலகை பிறகு. இந்த வரிசை முக்கியம் ஐயா. இங்கிலாந்தில் நியூகாசில் பல்கலைக்கழகத்தில், சைக்கிள் திருடர்களே உங்களைக் கவனிக்கிறோம் என்று கண்கள் படம் போட்டு ஒட்டினார்கள். ஒட்டிய இடத்தில் திருட்டு 62 விழுக்காடு குறைந்தது, ஒட்டாத இடத்தில் 65 விழுக்காடு கூடியது. அது போல, மாற்று இடம் காட்டாமல் விரட்டினால் வண்டிகள் பக்கத்துத் தெருப் பள்ளிக்கூட வாசலுக்குப் போய் நிற்கும்.

6. வண்டிக்காரர்கள் மேல் எங்களுக்குப் பகை கிடையாது. ரங்கூன் நகருக்குள் 2003-லிருந்து மோட்டார் சைக்கிளே ஓட்டக் கூடாது என்று வைத்தது போல இங்கேயும் வையுங்கள் என்று நாங்கள் கேட்கவில்லை. கேரி ஓட்டித்தான் எங்கள் வீட்டுப் பிள்ளைகளில் பாதிப்பேர் சோறு தின்கிறார்கள். அண்ணன் காலைச் சுட்ட வண்டியின் சொந்தக்காரப் பையன் இரண்டு தடவை வீட்டுக்கு வந்து அழுதுவிட்டுப் போனான். அவன் கெட்டவன் இல்லை. எல்லோரும் நிறுத்திய இடத்தில் அவனும் நிறுத்தினான், அவ்வளவுதான்.

7. ஜப்பானில் ஒகாயாமா நகரில் 1967 மார்ச் 18-ல், பார்வையற்றவர்கள் காலால் தடவி நடக்கப் புடைத்த கல் பதித்தார்களாம். மியாகே செய்இச்சி என்பவர், பார்வை மங்கிவந்த ஒரு நண்பருக்காக யோசித்துச் செய்தது. அந்தக் கல்லையா நாங்கள் கேட்டோம்? கல் கேட்கவில்லை. பணம் கேட்கவில்லை. ஆள் கேட்கவில்லை. இரண்டு டப்பா பெயிண்டுக்கு அனுமதி கேட்கிறோம். அதற்கு நான்கு மனுவா? ஒவ்வொரு தடவையும் அலுவலக வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பெஞ்சில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து, "வைத்துவிட்டுப் போங்க அம்மா" என்ற ஒரு சொல்லோடு திரும்பி வருகிறேன். வைத்துவிட்டுப் போனவை எங்கே ஐயா? தாங்களும் இந்த வழியாகத்தானே ஸ்ட்ராண்ட் ரோட்டுக்குப் போகிறீர்கள்? காரை விட்டு இறங்கி ஒரு நாள், ஒரே ஒரு நாள், கண்ணை மூடிக்கொண்டு எங்கள் வீட்டிலிருந்து கோயில் வரை நடந்து பாருங்கள். குச்சி நான் தருகிறேன்.

வார்த்தை மிஞ்சியிருந்தால் வயசுக்காகப் பொறுத்தருள வேண்டும்.

8. கோடு போட அனுமதி தாருங்கள். கோலத்துக்கு அனுமதி தாருங்கள்.

ஆடிக் கிருத்திகை வருகிறது. அன்றைக்காவது அண்ணன் தன் காலால் நடந்து போய் முருகன் சந்நிதியில் நிற்க வேண்டும். மழை விடும் ஒரு நாள் பார்த்துச் சொன்னால் போதும், அன்று விடியுமுன் பிள்ளைகளோடு நான் பிரஷ் எடுத்து வந்துவிடுவேன். தங்கள் பதிலைப் பெற வருகிற திங்கட்கிழமை காலை நானே அலுவலகத்துக்கு வருகிறேன். வைத்துவிட்டுப் போக மாட்டேன், பெற்றுக்கொண்டுதான் போவேன். தயவுகூர்ந்து அனுமதி தாருங்கள் ஐயா.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாலைத் தமிழ் வகுப்பு ஆசிரியை,
கோயில் தெரு, மோல்மீன்.

இணைப்பு: பர்மியப் பெயர்ப்பு, முந்தைய மூன்று மனுக்களின் நகல், பிள்ளைகள் தாளில் வரைந்த கோல மாதிரி, 41 வீட்டாரின் கையொப்பம். 42-ஆவதாக அண்ணனின் பெருவிரல் ரேகை.