கழுத்தில் இருந்த தடம்

அன்புள்ள நாகு,

ஏழு மாதமாக உனக்கு ஒரு வரி எழுதவில்லை. இரண்டு தடவை போனில் பேசினோம், அதுவும் உன் முழங்காலைப் பற்றியே போய்விட்டது. கட்டுப் பிரித்தாயிற்றா? படி ஏறுகிறாயா? இந்தப் பருவத்துக்கு நீ வேட்டை உரிமமே எடுக்கவில்லை என்று துரை அண்ணன் சொல்லித்தான் தெரிந்தது. எடுத்திருந்தாலும் நீ பாதி மலையில் உட்கார்ந்துகொண்டு என்னைத்தான் மேலே அனுப்பியிருப்பாய், அதனால் பெரிய நஷ்டமில்லை. வீட்டில் எல்லோரும் நலம். பெரியவள் வேலையில் சேர்ந்துவிட்டாள். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு நாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். சொல்லத் தொடங்கினால் இன்னொரு நாயையும் சொல்லாமல் இருக்க முடியாது. அது எது என்று உனக்கே தெரியும்.

இந்த முறை தனியாகத்தான் போனேன். மூன்றாம் நாள் விடிகாலையில் இரட்டைப் பாறைக்கு மேலே, இரண்டு முகடுகளும் சேர்கிற அந்தத் தாழ்வான இடத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். வெளிச்சம் சரியாக வருவதற்குள் ஒரு பெட்டை மான் ஓடி வந்தது. வாய் திறந்து நாக்கு வெளியே தொங்கியது. மான் எதற்காவது பயந்து ஓடினால் கொஞ்ச தூரத்தில் நின்று திரும்பிப் பார்க்கும் இல்லையா? இது நிற்கவே இல்லை. ஏதோ விடாமல் துரத்துகிறது என்று அப்போதே தோன்றியது. ரைபிளை எடுத்து வைத்துக்கொண்டேன்.

இரண்டு நிமிடம் கழித்து நாய் வந்தது. குரைக்கவில்லை. மூக்கைத் தரையில் வைத்து, மான் போன தடத்திலேயே வந்தது. சேற்று நிறம், விலா எலும்பை எண்ணிவிடலாம். 140 மீட்டர் இருக்கும். ஸ்கோப்பில் தோள்பட்டை நன்றாக விழுந்தது. சேஃப்டியைத் தள்ளிவிட்டேன். மானை விரட்டுகிற நாய்க்கு இரண்டாவது பேச்சே கிடையாது என்பதுதானே நம் வழக்கம்.

அந்த நேரம் பார்த்து அது உட்கார்ந்து பின்னங்காலால் கழுத்தைச் சொறிந்தது. சொறிந்த கால் எதிலோ மாட்டிக்கொண்டது. கொஞ்சம் தடுமாறி, பக்கவாட்டில் சாய்ந்து, காலை உதறி விடுவித்தது. ஸ்கோப்பில் நன்றாகப் பார்த்தேன். காலர். கழுத்து இளைத்துப் போனதில் அது வளையல் மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. அளவு பார்த்து வாங்கிப் போட்ட காலருக்குள் நாயின் கால் நுழைகிற அளவுக்கு இடம் வந்திருக்கிறது என்றால், எத்தனை நாள் பட்டினி!

விரலை எடுத்துவிட்டேன். கை நடுங்கியது, நாகு. நடுங்கியது இந்த நாய்க்காக அல்ல.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், ஓடைக்கரையில், அந்தப் பழுப்பு நாய். சுட்டது நீ. ஆனால் பைனாகுலரை வைத்துக்கொண்டு "போடு" என்றது நான். அதை நீ மறந்திருந்தாலும் நான் மறக்கவில்லை. அருகே போய்ப் புரட்டிப் பார்த்தபோது கழுத்தைச் சுற்றி முடி படிந்து ஒரு விரல் அகலத்துக்குத் தடம் இருந்தது. நாய் எங்கோ முள்ளிலோ வேலியிலோ காலரை அறுத்துக்கொண்டு வந்திருக்க வேண்டும். நீயும் பார்த்தாய், நானும் பார்த்தேன். நீ துப்பாக்கியைத் துடைக்க ஆரம்பித்தாய், நான் தண்ணீர் எடுக்கப் போனேன். அன்றிலிருந்து இன்றுவரை நாம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை.

காட்டில் நாயைக் கண்டால் சும்மா விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்ல வருவதாக நினைக்காதே. 1987இல் நியூசிலாந்தின் வைடாங்கி காட்டில் நடந்தது உனக்கு நினைவிருக்கும், துரை அண்ணன் ஒவ்வொரு வருஷமும் சொல்வாரே. ஒரே ஒரு ஜெர்மன் ஷெப்பர்டு. ஆறு வாரத்துக்குள் அந்தக் காட்டிலிருந்த சுமார் 900 கிவிப் பறவைகளில் 500 வரை அது கொன்றிருக்கும் என்பது கணக்கு. இருக்கும் இடம் தெரிய ரேடியோ கருவி கட்டி விட்டிருந்த 24 பறவைகளில் 13 செத்ததை வைத்துப் போட்ட கணக்கு அது. அண்ணன் சொல்லாமல் விடுகிற ஒன்று உண்டு: அந்த நாயின் கழுத்திலும் காலர் இருந்தது. யாரோ வளர்த்த நாய்தான். காடு பிழைக்க வேண்டுமானால் அந்த நாயைச் சுடுவதைத் தவிர அப்போது வேறு வழியில்லை. அதுவும் சரி, யாரோ ஒருவர் அதை வளர்த்துவிட்டுத் தேடாமல் போனார் என்பதும் சரி. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டியிருக்கிறது.

நோயும் இருக்கிறது. 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டியில் சிங்கங்களில் மூன்றில் ஒரு பங்கு டிஸ்டெம்பர் என்கிற நாய்நோய் வந்து செத்தது. காட்டைச் சுற்றியிருந்த ஊர்நாய்களிடமிருந்து போன வைரஸ்தான் அது. அதனால் நாய்க்கும் காட்டுக்கும் நடுவே ஒரு வேலி வேண்டும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் காட்டில் நாம் பார்க்கிற நாய்கள் எல்லாம் ஒரே ஜாதி இல்லை. இத்தனை வருஷம் நாம் அதை யோசிக்கவே இல்லை.

காட்டிலேயே பிறந்து வளர்ந்த நாய் வேறு, காட்டில் தொலைந்த நாய் வேறு. 1961இல் அமெரிக்காவில் ஒரு சோதனை செய்தார்கள். உயரமான வேலி போட்ட வெளியில் நாய்க்குட்டிகளை மனிதரோடு பழகவிடாமல் வளர்த்து, சிலவற்றை மூன்றாம் வாரத்தில், சிலவற்றை ஐந்தில், ஏழில் என்று எடுத்துப் பழக்கினார்கள். 14 வாரம்வரை மனிதரைப் பார்க்காத குட்டிகள் கடைசிவரை காட்டு மிருகம் மாதிரியே இருந்தன, எவ்வளவு கொஞ்சினாலும் பக்கத்தில் வரவில்லை. மனிதன் என்றால் யார் என்று நாய் கற்றுக்கொள்வது அந்தச் சில வாரங்களில்தான். அதற்குள் பழகிய நாய் பிறகு எத்தனை நாள் காட்டில் அலைந்தாலும் திரும்பி வரும் வாய்ப்பு உண்டு. ஆனால் அலைகிற அந்த நாள்களில் அது பார்க்க அச்சாகக் காட்டுநாய் மாதிரியே இருக்கும். மனிதனைக் கண்டால் ஓடும், பேர் சொல்லிக் கூப்பிட்டால் இன்னும் வேகமாக ஓடும். வளர்த்தவரைக் கண்டே ஓடும். 140 மீட்டரிலிருந்து பார்த்து எது எது என்று எவனால் சொல்ல முடியும்?

இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்ததாக நினைக்காதே. கீழே ஊரில் இருக்கிற கால்நடை மருத்துவர் அம்மா சொல்லித் தெரிந்துகொண்டவைதான் பாதி. அன்று காலையில் நான் செய்ததே தப்பு. எழுந்து நின்று, விசிலடித்து, "வா வா" என்று இறங்கினேன். ஒரே பாய்ச்சலில் சரிவுக்குள் போய்விட்டது. முகட்டில் சிக்னல் கிடைத்த இடத்திலிருந்து அந்த அம்மாவுக்குப் போன் போட்டேன். அவர் முதலில் கேட்டது, "கடித்ததா? தொட்டீர்களா?" இல்லை என்றதும்தான் மேலே பேசினார்.

இதை உனக்காகவே எழுதுகிறேன், எந்த நாயைக் கண்டாலும் முதலில் கையை நீட்டுகிறவன் நீ. கடியோ கீறலோ பட்டால் அந்த இடத்தை உடனே சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும், அப்புறம் தாமதிக்காமல் இறங்கிப் போய் ஊசி போட வேண்டும். நாய் நன்றாகத்தானே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. ரேபிஸ் பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் உள்ளே கிடந்து வெளிப்படும், வெளிப்பட்டுவிட்டால் காப்பாற்ற அநேகமாக வழியே கிடையாது. காட்டுக்குப் போகும் பையில் சோப்பு வை. சிரிக்காதே, வை.

அந்த அம்மா சொன்னது இது: கூப்பிடாதீர்கள், துரத்தாதீர்கள், தண்ணீரும் இறைச்சித் துண்டும் வையுங்கள், உங்கள் வியர்வை பட்ட துணி ஒன்றை அங்கேயே போட்டுவிட்டு வந்துவிடுங்கள். வேட்டைநாய் வைத்திருப்பவர்கள் தொலைந்த நாய்க்குக் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வருவதை நாமே பார்த்திருக்கிறோமே. ஆனால் அது வளர்த்தவரின் கோட்டு. நான் யார் அதற்கு? இருந்தாலும் என் ஜாக்கெட்டைக் கழற்றிப் போட்டேன், எதிர்மரத்தில் டிரெயில் கேமராவை, அசைவு கண்டால் தானே படம் எடுக்குமே அதை, கட்டினேன்.

முதல் இரவு கேமராவில் ஒரு முள்ளம்பன்றி மட்டும். இரண்டாவது இரவு 2:40க்கு நாய் வந்திருந்தது. ஜாக்கெட்டைச் சுற்றிச் சுற்றி நடந்து, இறைச்சியை மட்டும் இழுத்துக்கொண்டு போயிருந்தது. மூன்றாம் நாள் நான் இருபது அடி தள்ளி உட்கார்ந்தேன். முகத்தைக் காட்டாமல், பக்கவாட்டில், கண்ணைப் பார்க்காமல். நான்கு மணி நேரம். புதரோரம் வந்து நின்று கொட்டாவி விட்டது, உதட்டை நக்கியது, திரும்பிப் போயிற்று. மறுபடி வந்தது. கொட்டாவி தூக்கத்தால் இல்லை, கலக்கத்தால் என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். நானும் அதைப் பார்க்காமலே கொட்டாவி விட்டேன். அப்போதுதான் முதல்முறையாக என் கண்ணெதிரே அது படுத்தது, நாகு. தலையை முன்னங்கால்மேல் வைத்து, ஒரு பெரிய மூச்சு விட்டது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

மான் உரிமம் சட்டைப் பையிலேயே கிடந்தது. அந்த வாரம் முழுக்க நான் ஒரு தோட்டாகூடச் செலவழிக்கவில்லை.

கடைசியில் அந்த அம்மாவின் கால்நடை மருத்துவமனையிலிருந்து பொறிக்கூண்டு ஒன்றை வாங்கி, இரண்டு ஆட்களை வைத்து மேலே தூக்கி வந்து, ஜாக்கெட்டை உள்ளே விரித்தோம். ஐந்தாம் நாள் விடிகாலையில் அது உள்ளே ஜாக்கெட்டின்மேல் சுருண்டு கிடந்தது. கதவு விழுந்த பிறகும் போராடினதாகத் தெரியவில்லை. காதுமடல் முழுக்க உண்ணி, கொத்துக் கொத்தாக. பாதத்தில் தோல் தேய்ந்து சிவந்திருந்தது. 19 கிலோ. முன்பு 28 இருந்ததாம்.

அது எப்படித் தெரியும் என்கிறாயா? தோளுக்கு நடுவே, தோலுக்கு அடியில், அடையாள எண் சிப் இருந்தது. கருவியை வைத்ததும் 15 இலக்கம் வந்தது, அதை வைத்துத்தான் வளர்த்தவரைக் கண்டுபிடித்தோம். இந்தச் சிப் நாய் எங்கே இருக்கிறது என்று காட்டாது, யாராவது பிடித்து வந்து படித்தால்தான் உண்டு. பிடிக்காமல் சுட்டுவிட்டால் அந்த எண்ணைப் படிக்க ஆளே இல்லை.

வளர்த்தவர் வயதானவர். மலைப்பாதையில் கார் கவிழ்ந்து, உடைந்த கண்ணாடி வழியாக நாய் குதித்து ஓடியிருக்கிறது. அவர் கால் முறிந்து மருத்துவமனையில். தேட யாரும் இல்லை. நான் பார்த்த அன்று 19 நாள் ஆகியிருந்தது. ஊன்றுகோலோடு வந்தார். பின்கட்டில் நாயை விட்டிருந்தோம், அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதும் அது சுவரோரம் ஒடுங்கிப் பல்லைக் காட்டியது. அவர் முகம் போன போக்கை நான் எழுத மாட்டேன். மருத்துவர் அவரைக் கையைப் பிடித்து மெதுவாக நடத்தி, காற்று அவர் பக்கமிருந்து நாய் பக்கம் வீசுகிற இடத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார். பேசாமல் உட்கார்ந்திருந்தார். நாயின் மூக்கு உயர்ந்தது. இரண்டு தடவை இழுத்தது. அப்புறம் தரையோடு தரையாகத் தவழ்ந்து வந்து அவர் கட்டுப் போட்ட காலில் முகத்தைப் புதைத்துக்கொண்டு ஒரு சத்தம் போட்டது. நாய் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

அதே வாரத்தில் கீழ்ப் பள்ளத்தாக்கில் மூன்று நாய்களின் தடமும் பார்த்தேன், குட்டிகளோடு. பன்றிக்குட்டியை அடித்துத் தின்றிருந்தன. வனத்துறைக்குச் சொல்லிவிட்டேன். குட்டிகளுக்கு இன்னும் வயதாகவில்லை, இப்போதே எடுத்தால் பழக்கிவிடலாம். தாய்களை என்ன செய்வார்கள் என்று தெரிந்துதான் சொன்னேன். அதில் எனக்கு வருத்தம் இருக்கிறது, குற்ற உணர்ச்சி இல்லை.

குற்ற உணர்ச்சி மற்றதில்தான். மருத்துவமனையில் தொலைந்த நாய்களுக்கு ஒரு பதிவேடு வைத்திருக்கிறார்கள். பெரிய கோடு போட்ட நோட்டு. மருத்துவர் இந்த நாயின் வரியை அடிக்கும்போது நான் அதை வாங்கிப் பின்னால் புரட்டினேன். போன வருஷத்துக்கு முந்தின வருஷம், நாம் ஓடைக்கரையில் இருந்ததற்கு ஒன்பது நாள் முன்னால். பழுப்பு, ஆண், இடது முன்னங்கால் வெள்ளை. பக்கத்தில் ஒரு போன் எண். அந்த வரி அடிக்கப்படவில்லை.

அதே நாய்தான் என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த வெள்ளைக்கால் எனக்கு ஞாபகம் இருக்கிறது, உனக்கும் இருக்கும்.

எண்ணை எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கூப்பிடவில்லை. பேசப் போவது நான்தான், "போடு" என்றவன் நான் என்றும் சொல்லிவிடுவேன். ஆனால் உன்னைக் கேட்காமல் செய்ய மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலை வரை பொறுக்கிறேன். அதற்குள் ஒரு போன் போடு.

உன்,
மணி